மைலேஜ் 70-னு சொன்னாங்க, 50 தான் வருது... மீதி 20 கி.மீ. எங்கே போகுது?

பைக் வாங்கும்போது நாம் கேட்கும் முதல் கேள்வி மைலேஜ். அந்த எண் எங்கே, எப்படி அளக்கப்படுகிறது? இ20 பெட்ரோல் அதை எவ்வளவு குறைக்கிறது? மாதச் செலவில் எவ்வளவு அடி விழுகிறது? ஒரு விரிவான அலசல்.

"எவ்ளோ கொடுக்குது?"

புது பைக் தெருவுக்குள் நுழைந்ததும் பக்கத்து வீட்டு அண்ணன் கேட்கும் முதல் கேள்வி இது. எத்தனை சிசி, என்ன கலர், புளூடூத் இருக்கா என்பதெல்லாம் அப்புறம்தான். ஷோரூமில் நாம் கேட்பதும் இதே கேள்விதான். விற்பனையாளரும் சளைக்காமல் ஒரு எண் சொல்வார். 65, 70, சில சமயம் அதற்கும் மேலே. ஆறு மாதம் கழித்து நாமே கணக்குப் போட்டுப் பார்த்தால் 50-ஐத் தாண்டாது.

இதைப் பெரும்பாலும் ஜோக்காக எடுத்துக்கொண்டு கடந்துவிடுகிறோம். ஆனால் விஷயம் அவ்வளவு சின்னதல்ல. 2024-25 நிதியாண்டில் இந்தியாவில் விற்பனையான இருசக்கர வாகனங்கள் சுமார் 1.96 கோடி. அதே ஆண்டில் கார், வேன், எஸ்யூவி எல்லாம் சேர்த்து விற்றது சுமார் 43 லட்சம். மத்திய பெட்ரோலியத் துறையின் கீழ் இயங்கும் பிபிஏசி அமைப்பு 2014-ல் வெளியிட்ட ஆய்வின்படி, நாட்டில் விற்கும் பெட்ரோலில் சுமார் 61 சதவீதத்தை இருசக்கர வாகனங்களே பயன்படுத்துகின்றன. கார்களின் பங்கு சுமார் 34 சதவீதம்.

அதாவது, தனியாகப் பார்த்தால் பைக் கொஞ்சமாகக் குடிக்கும் வண்டி. மொத்தமாகப் பார்த்தால் நாட்டின் பெட்ரோலில் பெரும்பங்கு பைக் டேங்கில்தான் இறங்குகிறது. ஆனாலும் அந்த பைக்கை வாங்குபவருக்கு, அது உண்மையில் எவ்வளவு பெட்ரோல் குடிக்கும் என்று வண்டியின் மேலேயே எழுதி ஒட்டிச் சொல்லும் முறை நம்மிடம் இல்லை. ஏசிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் ஸ்டார் பார்த்து வாங்குகிறோம். பைக்குக்கு மட்டும் விளம்பரத்தை நம்புகிறோம்.

இது மாற வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். ஏன் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

அந்த 70 எங்கிருந்து வருகிறது?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். சான்றிதழில் இருக்கும் மைலேஜ் எண் பெரும்பாலும் பொய் அல்ல. அது வேறொரு கேள்விக்கான பதில்.

இந்தியாவில் ஒரு வண்டி விற்பனைக்கு வர, அரசு அங்கீகரித்த சோதனை அமைப்பின் சான்று தேவை. புணேயில் உள்ள ஏஆர்ஏஐ, மானேசரில் உள்ள ஐகேட், சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் இருக்கும் ஜிஏஆர்சி ஆகியவை இந்த வேலையைச் செய்கின்றன. புகை அளவுக்காக நடத்தப்படும் சோதனையிலேயே எரிபொருள் செலவும் கணக்கிடப்படுகிறது.

எப்படி? பைக்கை ரோட்டில் ஓட்டமாட்டார்கள். ஆய்வகத்துக்குள் ஒரு பெரிய உருளையின் மேல் பின்சக்கரத்தை வைத்து ஓட்டுவார்கள். காற்று எதிர்ப்பு, சாலை உராய்வு போன்றவற்றை உருளையே செயற்கையாகக் கொடுக்கும். எந்த நொடியில் என்ன வேகம் என்று முன்பே வரையறுத்த அட்டவணை உண்டு. அதன்படி வேகத்தைக் கூட்டிக் குறைப்பார்கள். சைலன்சரில் வெளிவரும் வாயுவில் உள்ள கார்பனை அளந்து, எவ்வளவு பெட்ரோல் எரிந்தது என்று கணக்கிடுவார்கள்.

முன்பு இதற்கு 'இந்தியன் டிரைவிங் சைக்கிள்' என்ற அட்டவணை இருந்தது. ஒரு சுற்று 108 நொடி. உச்ச வேகம் 42 கி.மீ., சராசரி வேகம் சுமார் 22 கி.மீ. பிறகு, பல நாடுகள் பயன்படுத்தும் டபிள்யூஎம்டிசி என்ற முறைக்கு மாறினோம். பழையதைவிட இது நிஜ ஓட்டத்துக்கு நெருக்கமானது. ஆனால் 100 கி.மீ. வேகத்தைத் தொடாத சிறிய பைக்குகளுக்கு இந்த முறையிலும் உச்ச வேகம் 50 கி.மீ.தான்.

இன்னும் கவனியுங்கள். அறையின் வெப்பநிலை 20 முதல் 30 டிகிரிக்குள் இருக்கும். வண்டி ரன்னிங்-இன் முடிந்து, சரியாக ட்யூன் செய்யப்பட்டிருக்கும். ஓட்டுபவரின் எடை 75 கிலோ என்று வைத்துக்கொள்வார்கள். பின்சீட்டில் யாரும் இல்லை. பள்ளிக்கூடப் பை இல்லை. டேங்க் மேல் குழந்தை இல்லை. ஹேண்டில்பாரில் காய்கறிப் பை தொங்கவில்லை. மேம்பாலம், வேகத்தடை, பள்ளம், மழைத் தண்ணீர் எதுவுமே இல்லை.

இரண்டு பைக்குகளை ஒப்பிட இந்தச் சோதனை நல்ல கருவி. எல்லா வண்டிக்கும் ஒரே பரீட்சை வைத்தால்தானே யாருக்கு எவ்வளவு மார்க் என்று சொல்ல முடியும்? பிரச்சினை எங்கே தொடங்குகிறது என்றால், பரீட்சை மார்க்கை விளம்பரத்தில் 'உங்களுக்குக் கிடைக்கும் மைலேஜ்' போலக் காட்டும்போதுதான். மூலையில் ஒரு நட்சத்திரக் குறி. அதற்குக் கீழே பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில், 'சோதனை நிலைமைகளில்'.

ரோட்டில் என்ன நடக்கிறது?

ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் பெரும்பகுதி வண்டியை நகர்த்துவதே இல்லை. இன்ஜின் சூடாகவும், சைலன்சர் வழியே சூடான புகையாகவும் வெளியேறிவிடுகிறது. சக்கரத்துக்கு வந்து சேரும் சிறு பங்கைப் பங்கிட்டுக்கொள்ள மூன்று பேர் காத்திருக்கிறார்கள்.

முதலாவது, எடை. ஒரு 100 சிசி பைக்கின் எடை சுமார் 110 கிலோ. 75 கிலோ ஆள் ஏறினால் 185. அதே பைக்கில் கணவன், மனைவி, குழந்தை, ஒரு பை என்று 160 கிலோ ஏறினால் 270. ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஒவ்வொரு சிக்னலிலும் நின்று கிளம்பும்போது இந்த மொத்த எடையையும் பூஜ்யத்திலிருந்து நகர்த்த வேண்டும்.

இரண்டாவது, பிரேக். நாம் பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும், பெட்ரோல் எரித்துச் சேர்த்த வேகத்தை வெறும் சூடாக மாற்றி வீணடிக்கிறோம். நகரத்தில் நூறு மீட்டருக்கு ஒரு தடவை முறுக்கி, உடனே பிரேக் அடித்து ஓட்டினால், பெட்ரோலில் ஒரு பகுதியை பிரேக் ஷூவைச் சூடாக்கவே வாங்குகிறோம் என்று அர்த்தம்.

மூன்றாவது, காற்று. வேகம் கூடக் கூட காற்றின் எதிர்ப்பு அதன் வர்க்கத்தில் கூடும். 40 கி.மீ. வேகத்தில் இருக்கும் எதிர்ப்பைப் போல 60-ல் 2.25 மடங்கு, 80-ல் நான்கு மடங்கு. பைக் கார் மாதிரி வழவழப்பான வடிவம் இல்லை. நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கும் ஆளே ஒரு பாய்மரம். ஜிஎஸ்டி ரோட்டில் 80-ல் போய்விட்டு, "ஹைவேஸ்லகூட மைலேஜ் வரல" என்று புலம்புவதற்குக் காரணம் இதுதான். சிறிய இன்ஜின் பைக்குகள் பொதுவாக 40 முதல் 50 கி.மீ. வேகத்தில், டாப் கியரில் சீராகப் போகும்போதுதான் மிகச் சிக்கனமாக ஓடும்.

மைலேஜ் என்பது வண்டியின் நிரந்தர குணம் அல்ல. வண்டி, ஆள், ரோடு, சுமை எல்லாம் சேர்ந்து அன்றைக்குக் கொடுக்கும் விடை. கிராமத்தில் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் இரண்டு பக்கமும் பால் கேன் கட்டிப் போகிறவருக்கும், அதே வண்டியில் தனியாகக் கடைக்குப் போய்வருபவருக்கும் ஒரே மைலேஜ் எப்படி வரும்?

மைலேஜ் மோகம் எப்போது வந்தது?

நம் ஊரில் மைலேஜ் விற்பனைப் பொருளாக மாறியது 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி100 வந்தபோது. 'நிரப்பு, மூடு, மறந்துவிடு' என்ற பொருளில் வந்த அதன் ஆங்கில விளம்பர வாசகம் அந்தத் தலைமுறைக்கு மனப்பாடம். அப்போது ஓடிக்கொண்டிருந்த பெரும்பாலான வண்டிகள் டூ-ஸ்ட்ரோக். அந்த வகை இன்ஜினில் புதிதாக உள்ளே வரும் பெட்ரோலில் ஒரு பகுதி எரியாமலேயே சைலன்சர் வழியாக வெளியேறிவிடும். ஃபோர்-ஸ்ட்ரோக் அந்த ஓட்டையை அடைத்தது. சட்டங்கள் கடுமையாக, டூ-ஸ்ட்ரோக் மெல்ல விடைபெற்றது. ஓசூரிலிருந்து வரும் எக்ஸ்எல் மொபெட்கூட 2015-ல் ஃபோர்-ஸ்ட்ரோக் ஆனது.

அதன்பின் 2020-ல் பிஎஸ்-6 வந்தபோது கார்புரேட்டர் போய், ஃபியூல் இன்ஜெக்‌ஷன் சாதாரண பைக்குகளுக்கும் வந்தது. எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்பதைச் சென்சார்கள் பார்த்து ஒரு சின்னக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. இன்ஜின் இவ்வளவு புத்திசாலி ஆகிவிட்டது. வாங்குபவருக்குக் கிடைக்கும் தகவல் மட்டும் 1985-ஐத் தாண்டவில்லை.

இ20 வந்ததால் மைலேஜ் குறைகிறதா?

குறைகிறது. எவ்வளவு என்பதில்தான் சண்டை.

இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2022 ஜூனில் 10 சதவீதத்தைத் தொட்ட இந்தியா, 2030 என்று வைத்திருந்த 20 சதவீத இலக்கை 2025-லேயே எட்டியது. கச்சா எண்ணெய் இறக்குமதி குறையும், கரும்பு, மக்காச்சோள விவசாயிகளுக்குச் சந்தை கிடைக்கும் என்பது அரசின் வாதம். இரண்டும் நியாயமான நோக்கங்கள்தான்.

ஆனால் இயற்பியல் மாறாது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்தால், கலப்பில்லாத பெட்ரோலோடு ஒப்பிடும்போது லிட்டருக்கு சுமார் 7 சதவீதம் ஆற்றல் குறையும். 10 சதவீதக் கலப்போடு ஒப்பிட்டால் அதில் ஏறக்குறைய பாதி.

நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையே இதை ஒப்புக்கொண்டது. கலப்பில்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து, 10 சதவீதத்துக்கு ட்யூன் செய்த இருசக்கர வாகனங்களில் 3 முதல் 4 சதவீதம் வரை எரிபொருள் திறன் குறையலாம் என்றது. 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் தந்த விளக்கத்தில், 10 சதவீதத்துக்கு வடிவமைத்து 20-க்கு ட்யூன் செய்த நான்கு சக்கர வாகனங்களில் 1 முதல் 2 சதவீதமும், மற்றவற்றில் 3 முதல் 6 சதவீதமும் குறையலாம் என்று சொல்லப்பட்டது. ஆக, "60 கொடுத்த வண்டி இ20-யால 40 ஆயிடுச்சு" என்றால் அதற்கு எத்தனால் மட்டும் காரணமாக இருக்க முடியாது. வேறு ஏதோ கோளாறும் இருக்கிறது. அதே நேரம், "ஒண்ணுமே குறையல" என்பதும் உண்மையில்லை.

உங்கள் வண்டி எப்போது வாங்கியது என்பது இங்கே முக்கியம். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் இ20-க்குத் தாங்கும்படி வருகின்றன. அதற்கு முந்தைய வண்டிகளில் சிலவற்றுக்கு 20 ஆயிரம், 30 ஆயிரம் கி.மீ. ஓடிய பிறகு ரப்பர் பாகங்கள், கேஸ்கெட் மாற்ற வேண்டியிருக்கலாம் என்று அமைச்சகமே சொல்லியிருக்கிறது. பழைய கார்புரேட்டர் வண்டிகளுக்கு இன்னொரு சிக்கல். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் பெட்ரோல்-காற்றுக் கலவை நீர்த்துப்போகும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்துச் சரிசெய்யும். கார்புரேட்டருக்கு அந்தக் கண் கிடையாது.

விலை விஷயத்தில்தான் கோபம் நியாயமாகிறது. ஆற்றல் குறைவு என்பதால் எத்தனால் கலந்த பெட்ரோலின் விலை சாதாரண பெட்ரோலைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்று அதே நிதி ஆயோக் அறிக்கை பரிந்துரைத்தது. அது நடக்கவில்லை. அப்போது எத்தனால் மலிவு, இப்போது அதன் கொள்முதல் விலையே லிட்டருக்குச் சராசரியாக ரூ.71.32 ஆகிவிட்டது என்பது 2025-ல் அரசு தந்த பதில். கலப்பில்லாத பெட்ரோலையும் தேர்வாக வைக்க வேண்டும் என்று கோரிய பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ல் தள்ளுபடி செய்தது. பங்க்கில் நமக்குத் தேர்வு இல்லை. அப்படியானால் குறைந்தபட்சம் தகவலாவது வேண்டாமா?

சரி, பணத்துக்கு வருவோம்

பெட்ரோல் லிட்டர் ரூ.101 என்று வைத்துக்கொள்வோம். விளம்பரத்தில் சொன்னது 60. உண்மையில் வருவது 45.

ஐடி கம்பெனிக்குத் தினமும் 30 கி.மீ. போய்வருபவர், மாதம் 25 நாளில் 750 கி.மீ. ஓட்டுகிறார். 60 வந்தால் 12.5 லிட்டர், சுமார் ரூ.1,260. 45 வந்தால் 16.7 லிட்டர், சுமார் ரூ.1,680. வித்தியாசம் மாதம் ரூ.420. ஒரு ஓடிடி சந்தா, ரெண்டு பிரியாணி. எரிச்சல் வரும், ஆனால் சமாளித்துவிடலாம்.

இப்போது உங்களுக்கு அந்த பிரியாணியைக் கொண்டுவருபவரின் கணக்கு. ஒரு நாளைக்கு 120 கி.மீ., மாதம் 26 நாள், மொத்தம் 3,120 கி.மீ. 60 வந்தால் 52 லிட்டர், சுமார் ரூ.5,250. 45 வந்தால் 69 லிட்டருக்கு மேல், சுமார் ரூ.7,000. வித்தியாசம் மாதம் ரூ.1,750. வருடத்துக்கு ரூ.21 ஆயிரம். பெட்ரோல் செலவு பெரும்பாலும் அவர் கையிலிருந்துதான் போகிறது. இஎம்ஐ எவ்வளவு கட்ட முடியும் என்று அவர் போடும் கணக்கு, ஷோரூமில் சொன்ன அந்த 60-ஐ நம்பிப் போட்ட கணக்கு.

அவருக்கு மைலேஜ் என்பது சம்பளத்தின் ஒரு பகுதி. தவறான எண் என்றால் சம்பளப் பிடித்தம்.

இன்னொரு நுட்பமான விஷயம். மைலேஜை 'லிட்டருக்கு எத்தனை கி.மீ.' என்று பார்ப்பதே நம்மைக் கொஞ்சம் ஏமாற்றும். 1,000 கி.மீ. ஓட்ட, 40 கொடுக்கும் வண்டிக்கு 25 லிட்டர் வேண்டும். 50 கொடுக்கும் வண்டிக்கு 20 லிட்டர். மிச்சம் 5 லிட்டர். ஆனால் 60-லிருந்து 70-க்குப் போனால் 16.7 லிட்டர் 14.3 ஆகும். மிச்சம் 2.4 லிட்டர்தான். இரண்டுமே '10 கி.மீ. அதிகம்'. ஆனால் பலன் பாதி. அதனால், ஏற்கெனவே 60 கொடுக்கும் வண்டியை விற்றுவிட்டு 70 கொடுக்கும் புது வண்டிக்குக் கடன் வாங்குவதற்கு முன் இரண்டு தடவை யோசியுங்கள். 35 கொடுத்துக்கொண்டிருக்கும் பழைய ஸ்கூட்டரைச் சரிசெய்து 45-க்குக் கொண்டுவந்தால் கிடைக்கும் லாபம் அதைவிடப் பெரிது.

உங்கள் வண்டியின் உண்மையான எண் என்ன?

டிஸ்ப்ளேயில் காட்டும் மைலேஜ் ஒரு மதிப்பீடு. சரியாகத் தெரிய வேண்டுமென்றால் பழைய முறைதான்.

1. பங்க்கில் ஆட்டோ கட்-ஆஃப் ஆகும்வரை நிரப்புங்கள். அதற்கு மேல் விளிம்புவரை ஊற்றச் சொல்லாதீர்கள். ஓடோமீட்டரை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.
2. வழக்கம்போல ஓட்டுங்கள். கால் டேங்க் வரும்போது, முடிந்தால் அதே பங்க்கில், வண்டியை அதே மாதிரி நிறுத்தி, மறுபடி கட்-ஆஃப் வரை நிரப்புங்கள்.
3. ஓடிய தூரத்தை இரண்டாவது தடவை போட்ட லிட்டரால் வகுங்கள். 310 கி.மீ. ஓடி 6.2 லிட்டர் போட்டால் 50.
4. ஒரு தடவை பார்த்து முடிவுக்கு வராதீர்கள். மூன்று, நான்கு தடவை செய்து மொத்தத் தூரத்தையும் மொத்த லிட்டரையும் வைத்துக் கணக்கிடுங்கள்.

எண் திடீரென்று இறங்கினால், ஏதோ மாறியிருக்கிறது என்று அர்த்தம். முதலில் பார்க்க வேண்டியவை செலவில்லாதவை.

காத்து: "தம்பி, கடைசியா எப்ப காத்து புடிச்ச?" என்று மெக்கானிக் கேட்டால் முழிப்பவர்கள்தான் நம்மில் அதிகம். வாரம் ஒரு முறை, டயர் சூடாவதற்கு முன், வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குப் பிடியுங்கள். தனியாகப் போக ஓர் அளவு, பின்னால் ஆள் உட்கார்ந்தால் இன்னோர் அளவு என்று அதில் இருக்கும்.

பிரேக், செயின்: சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். லேசாகச் சுற்றி மெல்ல நிற்க வேண்டும். சட்டென்று நின்றால் பிரேக் ஒட்டுகிறது அல்லது செயின் அதிக இறுக்கம்.

ஏர் ஃபில்டர், ஆயில்: புழுதி ரோட்டில் ஓட்டுபவர்கள் ஃபில்டரைச் சர்வீஸ் புத்தகத்தில் சொன்னதைவிடச் சீக்கிரம் பார்க்க வேண்டும். ஆயிலில் கம்பெனி சொன்ன கிரேடுக்குப் பதில் கெட்டியானதை ஊற்றினால் இன்ஜின் அதைக் கலக்கவே பெட்ரோல் எரிக்கும்.

கைப்பழக்கம்: கிளட்சில் பாதி விரல் வைத்தே ஓட்டுவது, 20 வேகத்தில் டாப் கியர், 40 வேகத்தில் இரண்டாவது கியர்... மூன்றுமே பெட்ரோலைக் குடிக்கும். சிக்னலில் அரை நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டும் என்று தெரிந்தால் இன்ஜினை அணைத்துவிடலாம்.

கூடவே சில நம்பிக்கைகளையும் விட்டுவிடலாம். மேம்பால இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் மிச்சம் என்பது பழைய கதை. பல இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டால் பெட்ரோல் வரத்தே நின்றுவிடும். நியூட்ரலில் ஐட்லிங்குக்குப் பெட்ரோல் போய்க்கொண்டிருக்கும், கட்டுப்பாடும் குறையும். காலையில் போட்டால் பெட்ரோல் அதிகம் கிடைக்கும் என்பதும் அப்படித்தான். பங்க்கின் டேங்க் நிலத்துக்கு அடியில் இருப்பதால் காலை, மதியம் என்று அதன் வெப்பம் பெரிதாக மாறாது. 100 சிசி பைக்குக்குப் பிரீமியம் பெட்ரோல் போடுவதால் மைலேஜ் ஏறாது. அதற்காகவே வடிவமைத்த இன்ஜினுக்குத்தான் அது பயன்.

ஆனால் இது உங்கள் பொறுப்பு மட்டும்தானா?

மைலேஜ் பேச்சு எப்போதும் இங்கே வந்து முடிந்துவிடும். காத்து புடி, மெதுவா ஓட்டு, சர்வீஸ் பண்ணு. எல்லாம் சரிதான். ஆனால் முழுப் பாரத்தையும் ஓட்டுபவர் தலையில் வைப்பது நியாயம் இல்லை.

கார்களுக்கு 2017-18 முதல் 'கஃபே' என்ற விதி இருக்கிறது. ஒரு நிறுவனம் விற்கும் எல்லாக் கார்களின் சராசரி எரிபொருள் செலவு ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது. 2022-23 முதல் அந்த வரம்பு இன்னும் இறுக்கப்பட்டது. பெட்ரோலில் பெரும்பங்கைப் பயன்படுத்தும் இருசக்கர வாகனங்களுக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை. புகைக்குக் கடுமையான விதி உண்டு, எரிபொருள் செலவுக்கு இல்லை. "பைக் ஏற்கெனவே சிக்கனம்தானே" என்பது இதற்குச் சொல்லப்படும் சமாதானம். 100 சிசி பைக்குகளுக்கு அது பொருந்தும். ஆனால் சந்தை 125, 150, 350 என்று ஏறிக்கொண்டிருக்கிறது.

இது முடியாத காரியமும் இல்லை. நம்மைப் போலவே பைக்கில் ஓடும் நாடான வியட்நாமில் 2020 முதல் புது மோட்டார் சைக்கிள்களுக்கு எரிபொருள் செலவு லேபிள் கட்டாயம். சீனாவில் பைக்குகளுக்கு எரிபொருள் உச்சவரம்பே இருக்கிறது. இங்கேயே, சில மின்சார ஸ்கூட்டர் நிறுவனங்கள் சான்றிதழ் ரேஞ்ச் இவ்வளவு, ரோட்டில் உண்மையில் கிடைப்பது இவ்வளவு என்று இரண்டு எண்களையும் வெளிப்படையாகச் சொல்கின்றன. அதனால் அவர்கள் விற்பனை படுத்துவிடவில்லை. பெட்ரோல் பைக்குக்கு மட்டும் என்ன தடை?

சட்டத்தின் கண்ணிலும் விளம்பர எண் வெறும் அலங்காரம் இல்லை. 2022-ல் கேரளத்தின் திருச்சூர் நுகர்வோர் ஆணையம் ஒரு கார் வழக்கில், விளம்பரத்தில் லிட்டருக்கு 32 கி.மீ. என்று சொல்லிவிட்டு, நிபுணர் சோதனையில் 19.6 மட்டுமே வந்ததால், வாங்கியவருக்கு ரூ.3 லட்சத்துக்கு மேல் கொடுக்க உத்தரவிட்டது. ஆனால் மாதம் ரூ.420-க்காக எந்த பைக்காரர் ஆணையத்துக்கு அலைவார்? ஒவ்வொருவருக்கும் சின்ன இழப்பு, மொத்தத்தில் மாபெரும் தொகை. இந்த மாதிரி இடத்தில்தான் விதி தேவைப்படுகிறது.

என்ன செய்ய வேண்டும்?

நாம் கேட்பது பெரிய புரட்சி எதுவும் இல்லை.

முதலாவது, ஷோரூமில் நிற்கும் ஒவ்வொரு பைக்கின் டேங்க் மேலும் ஒரு லேபிள். அதில் இ20 பெட்ரோலில் அளந்த மூன்று எண்கள்: நகரத்தில் தனியாக, நகரத்தில் பின்னால் ஒருவருடன், நெடுஞ்சாலையில். கூடவே 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்றும், மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால் எத்தனை லிட்டர் என்றும். விளம்பரத்தில் மைலேஜ் எண் போட்டால் இந்த மூன்றையும் ஒரே அளவு எழுத்தில் போட வேண்டும்.

இரண்டாவது, கார்களுக்கு இருப்பது போல இருசக்கர நிறுவனங்களுக்கும் சராசரி எரிபொருள் வரம்பு. சிறிய பைக் விற்பவரைத் தண்டிக்காமல், ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாக வைக்கலாம்.

மூன்றாவது, இ20-யால் குறையும் ஆற்றலுக்கு ஈடு. விலையில் குறைக்கலாம், வரியில் குறைக்கலாம். நிதி ஆயோக் சொன்ன யோசனைதான், புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

நான்காவது, டெலிவரி நிறுவனங்கள் தூரத்துக்குப் பணம் கணக்கிடும்போது விளம்பர மைலேஜை அல்ல, சுமையோடு நகரத்தில் உண்மையில் கிடைக்கும் மைலேஜை வைத்துக் கணக்கிட வேண்டும். தமிழ்நாட்டில் கிக் தொழிலாளர்களுக்கென்று நல வாரியம் இருக்கிறது. அதில் பதிவு செய்த 2,000 பேருக்கு மின் ஸ்கூட்டர் வாங்க தலா ரூ.20 ஆயிரம் மானியம் என்று 2025-26 மாநில பட்ஜெட்டில் அறிவிப்பும் வந்தது. நல்ல தொடக்கம். மீதிப் பேர் பெட்ரோலில்தான் ஓடப்போகிறார்கள். அவர்களுக்கான நியாயமான கிலோமீட்டர் கணக்கை இந்த வாரியமே கையில் எடுக்கலாம்.

ஒரு லேபிள் ஒட்டுவதால் யாருடைய வண்டியும் கூடுதலாக ஒரு கிலோமீட்டர் ஓடிவிடாது. ஆனால் அடுத்த பைக்குக்கு இஎம்ஐ போடும் இளைஞருக்குத் தான் எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரியும். மைலேஜை வைத்து 40 வருடமாக நமக்கு பைக் விற்றுக்கொண்டிருக்கிறார்கள். அந்த எண்ணுக்கு யாராவது பொறுப்பேற்கச் சொல்லும் நேரம் இது.